மேல்வீட்டு மதாமின் அண்ணன்

2003ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் எங்கள் மேல்வீட்டில் வயதான பிரெஞ்சுக்கார மதாம் ஒருவர் இருந்தார். உலகப்போரில் இறந்த தன் அண்ணனின் குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவைப் பற்றி இணையத்தில் தேடித் தரும்படி கேட்டார். அவர்கள் குண்டு போட்ட ஊர்களின் பட்டியல் ஆங்கிலத்தில் கிடைத்தது. வாசித்துக் காட்டும்போதே எனக்கு நெஞ்சு கொதித்தது.

"உங்கட அண்ணன் சனத்தைத்தான் எரிச்சவர். மட்டக்களப்பில என்ர தங்கச்சியும் விமானக் குண்டிலதான் செத்தவள்" என்று தெரிந்த பிரெஞ்சில் கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

"அந்த ஊர்ப் பேருகளைத் திரும்ப மெதுவா வாசியுங்கோ" என்றார். ஒவ்வொரு பெயருக்கும் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். கடைசியில், "உங்கட தங்கச்சியின்ர பேர் என்ன?" என்று கேட்டார்.

சொன்னதும் அழுதார். இந்த நாட்டில் அவளுக்காக அழுத முதல் ஆள் அவர்தான். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குக் கேட்கவில்லை.