மூச்சு வாங்குதா என்று கேட்டார்கள்

என் வீட்டுக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிரானைட் கம்பெனியில் வெகுகாலம் பாலிஷ் மிஷினில் நின்றவர். இப்போது அங்கேயே ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை. கல் தூசி போய்ப் போய் நுரையீரல் தழும்பாகிவிட்டது என்று ஓசூர் டாக்டர் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு ஒரு ஆராய்ச்சிப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்லி, குழாயில் ஊதவைத்து, கேள்வி கேட்டு எழுதிக்கொள்வார்கள். நான்தான் மல்லுக்கட்டி இவரைச் சேர்த்துவிட்டேன்.

கம்பெனியிலும் வருடா வருடம் மெடிக்கல் செக்கப் உண்டு. மூச்சு வாங்குகிறது என்று அங்கே வாயைத் திறந்தால் அடுத்த கான்ட்ராக்ட் கிடையாது. அதனால் பாலிஷ் போடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் மனப்பாடம். இந்த மனுஷன் அதை ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிற பெண் பாகலூர்க்காரி. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். அன்றைக்கு எங்களுக்காகத் தமிழிலேயே கேட்டாள்.

"படி ஏறினா மூச்சு வாங்குதாண்ணா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். நல்லா இருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீடு மாடியில். பாதிப் படியில் நின்று, வராத போனைக் காதில் வைத்துப் பேசுகிற ஆள் இவர்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதய்யா," என்றேன்.

"நீ சும்மா இரு. கம்பெனிக்குத் தெரிஞ்சா யாரு சோறு போடுவா?"

அந்தப் பெண் பேனாவை மூடினாள். "கம்பெனிக்கு எதுவும் போகாதுண்ணா. நீங்க ஊதினது கம்மியா இருக்கு, ஆனா நல்லா இருக்கேன்றீங்க. சரியா ஊதலையோன்னு டாக்டர் மாத்திரை ஆரம்பிக்காம வச்சிருக்காரு. கல்லு வேலைக்காரங்க எல்லாருமே இப்படித்தான் சொல்றீங்க. நாளைக்கு இதைப் படிக்கிறவங்க, அந்த வேலையில ஒண்ணும் ஆகாதுன்னுதானே நினைப்பாங்க?"

இவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"என் மிஷின்ல கூட நின்னவன் கடைசிவரைக்கும் நல்லா இருக்கேன்னுதான்மா சொன்னான்," என்றார். "குளிச்சிட்டுத் தலை துவட்டறதுக்குள்ள நான் உட்கார்ந்துடறேன். படுத்தா எந்திரிப்பேனான்னு பயமா இருக்கு."

இது எனக்கே தெரியாது. தினமும் பக்கத்தில் படுக்கிறவள் நான். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

அவள் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். அன்றைக்கே டாக்டர் மாத்திரை எழுதினார். அதில் இவருக்கு வாய் ருசியே போய்விட்டது. திட்டிக்கொண்டே களி கிண்டிப் போட்டேன், அவரும் திட்டிக்கொண்டே தின்றார்.

அடுத்த முறை போய் ஊதினார். அந்தப் பெண் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறியிருக்கா?" என்றேன்.

"ஏறலக்கா. ஆனா இறங்கவும் இல்ல, அப்படியே நிக்குது. இந்த நோய்ல அதுவே பெரிய விஷயம்."

அப்பாடா என்று இருந்தது. கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். இவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"என் கூட பாலிஷ் போட்டவங்க இன்னும் நாலு பேரு இருக்காங்கம்மா. கூட்டிட்டு வரேன்," என்றார். "அவனுங்க பொய் சொன்னா எனக்குத் தெரியும்."