சுண்டுவிரல் பருமன்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். நர்சிங் இரண்டாம் வருடத்தில் ஒரு நாள், பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். என் கண் முன்னாலேயே அவர் லாரியிலிருந்து மல்லாந்து விழுந்தார்.

"காலு மரத்துப்போச்சு ஆத்தா" என்றார்.

சுமைக்காரர்கள் ஓடிவந்தார்கள். "மாப்ள, நீ கக்கத்தப் பிடி, நான் காலப் பிடிக்கிறேன்!" மூட்டை தூக்கும் அதே பிடி.

"தூக்காதீங்க! முதுகெலும்புக்குள்ள தண்டுவடம் சுண்டுவிரல் தண்டிதான் இருக்கு. வளைச்சா நசுங்கிரும்" என்று கத்தினேன்.

"டாக்டரம்மா சொல்லிட்டாக!" என்று நக்கலடித்தவர்தான், மூட்டை ஏற்ற லாரியில் சாய்த்து வைக்கும் பலகையை ஓடிப்போய் எடுத்துவந்தார். நான் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, எல்லோரும் சேர்ந்து அப்பாவை ஒரே சீராகப் பலகையில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில், "கால் பெருவிரல ஆட்டுங்கப்பா" என்றேன்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வலது பெருவிரல் லேசாக அசைந்தது.

"ஆடுதா?" என்று வானத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஆடுதுப்பா."

நரம்பு மண்டலத்தைப் படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அன்றுதான் அதை நேரில் பார்த்தேன். நான் சொன்ன சொல் அப்பாவின் காதில் நுழைந்து, மூளைக்குப் போய், அந்தச் சுண்டுவிரல் பருமனுக்குள் இறங்கி, கால்விரலில் வந்து நின்றது.

இப்போதும் அவர் செருப்பு மாட்டும்போது அந்த விரலைத்தான் பார்க்கிறேன்.