செல்வதாஸ் அண்ணாச்சி கொடுத்துவிட்டு வந்த காகிதம்

ஏசி பழுது பார்க்கும் செல்வதாஸ் அண்ணாச்சி நாகர்கோவிலில் லீவில் இருந்தபோது காலமாகிவிட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது, நான் ஓமானின் சலாலாவில் ஒரு ரோட்டோரக் கடையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அழுவதற்கு முன்பே அதை நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டேன். என்னை அறிந்த உங்களுக்கு இதில் வியப்பிருக்காது. என் காதில் விழுந்த விஷயம் மஸ்கட் போய்ச் சேர பஸ் தேவையில்லை.

அவர் வைத்திருந்த பதக்கங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியுமென்றால் அதுவும் என்னால்தான். ஒருநாள் பட்டறையில் ஸ்க்ரூடிரைவர் தேடுகிறேன் என்று அவர் மேசையைக் குடைந்தேன். துணிச்சுருளுக்குள் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள், மடித்த ஒரு காகிதம். ஒன்றில் ராஜா தலை, ஒன்றில் ராணி தலை.

"எங்க அப்பாவுக்குள்ளது, வேய். எடுத்த எடத்துல வையும்" என்றார்.

அவர் அப்பா மலாயா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் போன போராளிகளைத் தேடித்தேடிச் சுட்டவர். நான் சும்மா இருப்பேனா? கரீஃப் மழைக்காலச் சாரல் பார்க்க வந்த ஓய்வுபெற்ற ஆங்கிலேய அதிகாரி ஒருவரைப் பட்டறைக்கே கூட்டிவந்தேன். பதக்கங்களைப் பார்த்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. வீரத்துக்கென்று ஒரே சிப்பாய்க்கு இரண்டு முறை கொடுத்ததைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். கூடவே காரணம் சொல்லும் சான்றுக் காகிதமும் பத்திரமாக இருப்பது அதைவிட அபூர்வம் என்றார். அன்று மாலைக்குள் நான் மூன்று பேரிடம் சொன்னேன். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது கதையில் ஒரு புலியும் சேர்ந்திருந்தது.

தமிழ்ச் சங்க விழாவில் அண்ணாச்சியை மேடையேற்றுவது என்று நானே முடிவு செய்து போய்ச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தை விரித்துப் பொருள் சொன்னார். இன்ன தோட்டத்துக்குப் பின்னால், இன்ன ஓடைக்கரையில், தனியாக நின்று மூன்று எதிரிகளை வீழ்த்தினார் என்றிருந்தது.

"மூணுல ஒருத்தர் நம்மாளு, கேட்டீரா. அப்பா இருந்த அதே தோட்டக் கூலி லயத்துல பால்மரம் வெட்டுனவரு. விழுந்த பொறவுதான் அப்பா மொகத்தப் பாத்திருக்காரு. பொஞ்சாதியும் கைக்கொழந்தையும் லயத்துல காத்துக் கெடந்தாங்க. அப்பா வாயத் தொறக்கல்ல. சாவும்போது எங்கிட்ட மட்டும் சொன்னாரு."

"சால்வை வாங்கியாச்சே அண்ணாச்சி" என்று முனகினேன்.

"நீரே போத்திக்கும்."

அடுத்த லீவு கஃபீல் முதலாளியிடமிருந்து கிடைத்தபோது அவர் ஊருக்குப் போகவில்லை. மலேசியாவுக்கு டிக்கெட் போட்டார். காரணம் சொல்லவில்லை. ஓடைக்கரைக் கதையைக் கேட்டிருந்த எனக்கே காரணம் தோன்றவில்லை. என் மூளை அந்தப் பக்கம் வேலை செய்வதில்லை. அங்கே அவருக்கொரு சின்ன வீடு இருக்கிறது என்று நானே கண்டுபிடித்து, நானே பரப்பினேன்.

திரும்பி வந்தவரிடம், "அங்க உள்ள மதினி சொகமா?" என்று கண்ணடித்தேன். அவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஓர் ஓடைக்கரையில், எழுபது வயது தாண்டிய அம்மாள் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். லயத்தில் காத்துக் கிடந்த அந்தக் கைக்குழந்தை.

விசாரித்து விசாரித்து மூன்றாவது வாரம் அந்த அம்மாள் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். வாசலில் நின்றே சொல்லியிருக்கிறார்: "உங்க அப்பாவச் சுட்டது எங்க அப்பாதான்." கதவு சாத்தப்பட்டது. இவர் வெயிலில் அப்படியே நின்றிருக்கிறார். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்து, அந்த அம்மாள் ஒரே சொல் கேட்டாராம்: "எங்க?"

"செத்த எடம்கூட அவங்களுக்குத் தெரியாது, வேய். எங்க அப்பாவப் புகழ்ந்த காயிதத்துல மட்டுந்தான் அது இருந்துச்சு."

இருவரும் காகிதத்தை வைத்துக்கொண்டு அந்த ஓடையைத் தேடிப் போயிருக்கிறார்கள். காகிதத்தை அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டார். பதக்கங்களையும் நீட்டினாராம். "அது உங்க வீட்டுது" என்று அவர் தள்ளிவிட்டார்.

கதவு மூடிய நேரத்தில் நானாயிருந்தால் விமான நிலையத்தில் இருந்திருப்பேன். "நீங்க ஏன் போகல்ல, அண்ணாச்சி?" என்றேன்.

"நான் சொல்லியாச்சு. இனி அவங்க சொல்லுகத நான் கேக்கண்டாமா?"

ஊரில் அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மனைவிக்குப் போன் செய்தேன். அந்தச் சின்ன வீட்டுக் கதையைக் கிளப்பியவன் நான்தான் என்றேன். துண்டித்துவிடலாம் என்று விரல் போனது. துண்டிக்கவில்லை. அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான்: சொன்ன பிறகும் ஓடாமல் நிற்பது.

"அது இங்க வரைக்கும் வந்துச்சு" என்றார் கடைசியில். "எத்தன பேருகிட்டச் சொன்னீங்க?"

"நெனவில்ல, மதினி."

"அத்தன பேருகிட்டயும் இதையும் சொல்லுங்க."

இதோ, உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இங்கேயேதான் இருக்கிறேன், கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.