பாக்குக்காரி டெல்மா சபை மாறிய கதை

பப்புவா நியூ கினியின் மடாங் சந்தையில் என் மேசைக்குப் பக்கத்து மேசை டெல்மாவுடையது. இருவருமே பாக்கு விற்கிறோம். விற்பவள் வாய் சிவந்திருந்தால்தான் இங்கே சரக்கு போகும். அப்படியிருக்க, அவள் ஒரு நாள் வெறும் வாயோடு வந்து, சனிக்கிழமைச் சபையில் சேர்ந்துவிட்டேன் என்றாள். பாக்கும் பன்றியும் சனிக்கிழமை வேலையும் அந்தச் சபையாருக்கு ஆகாது.

"பாக்கு விக்கிறவளுக்கு எவன்டி ஞானஸ்நானம் குடுப்பான்?" என்றேன்.

"திங்கத்தான் கூடாதாம்க்கா. விக்கிறதப் பத்தி நான் கேக்கல."

அத்தனையும் புளுகு என்று பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். வயிற்றில் இரண்டு மாதம். முதல் பிள்ளை எடையே இல்லாமல் பிறந்து ஒரே வாரத்தில் போய்விட்டது. இந்த முறை நர்ஸ், பாக்கு போட்டால் பிள்ளை நோஞ்சானாகப் பிறக்கலாம், தொடாதே என்றிருக்கிறாள். ஆனால் எங்கள் ஊரில் நீட்டிய பாக்கை மறுப்பது சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரி. சபையைச் சொன்னால்தான் விடுவார்கள்.

"மாசமா இருக்கேன்னு சொல்லித் தொலையேன்டி."

மாட்டேன் என்று தலையாட்டினாள். காரணம் சொல்லவில்லை.

பொய்க்காகப் பட்ட பாடு கொஞ்சமில்லை. வியாபாரம் சூடு பிடிக்கும் சனிக்கிழமையில் மேசையை மூடினாள். கொழுந்தன் கல்யாணத்தில் பன்றிக் கொழுப்பு வாசனை ஊரையே தூக்க, இவள் நாக்கில் எச்சில் ஊற வள்ளிக்கிழங்கை மென்றாள். பாவி நான், வேண்டுமென்றே எதிரே உட்கார்ந்து விரலை நக்கினேன்.

மாமியார் லீனா லூத்தரன் சபையில் பெரிய ஆள். "மூணு தலைமுறையா ஞாயித்துக்கிழமைக் குடும்பம். இவ வந்து கிழமைய மாத்துறா," என்று சந்தைக்கே வந்து கத்திவிட்டுப் போனாள்.

ஐந்தாம் மாதம் வயிறு காட்டிக்கொடுத்தது. லீனா வாய் நிறையப் பாக்கோடு வந்து நின்றாள்.

"ஏண்டி, மாசமா இருக்கறத மறைக்கவா சபை சபைன்னு திரிஞ்ச?"

எனக்குப் பொறுக்கவில்லை. "சபையுமில்ல, ஒரு மண்ணுமில்ல. பாக்கு போட்டா பிள்ளைக்கு ஆகாதுன்னு நர்ஸ் சொன்னாளாம்," என்று போட்டு உடைத்தேன். டெல்மா என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள்.

லீனாவின் தாடை அசையாமல் நின்றது. "போன தடவ, வாந்தி நிக்கும்னு நான்தானே உன் வாயில தினமும் திணிச்சேன்."

டெல்மா யாருக்காக இத்தனை மாதம் பன்றியை விட்டாள் என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது.

"அதுனாலதான்னு நர்ஸ் சொல்லல அத்த," என்றாள் டெல்மா. "போங்க, வீட்டுல பன்னிக்கறி இருந்தா எடுத்து வைங்க."

லீனா போகவில்லை. வாயிலிருந்ததைத் துப்பினாள். என் தண்ணீரை எடுத்து, அது தீரும் வரை கொப்பளித்தாள்.