ஓடக்காரனுக்கு அக்கா கொடுத்த குரல்

போன ஞாயிறு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சூடான பருத்தித் துணியின் வாசம் எழுந்ததும், சுவிஸின் லாங்கன்தாலில் நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டின் ஞாயிறு மத்தியானங்கள் அப்படியே வந்து நின்றன. அம்மா முதியோர் இல்லத்து வேலைக்கான சீருடைகளை மினுக்குவார். அக்கா கட்டிலில் குப்புறப் படுத்தபடி, ஜெர்மனில் வந்த ஜப்பானியப் படக்கதையை, அதுதான் மங்காவை, தமிழாக்கிச் சத்தமாக வாசிப்பாள். அம்மாவின் ஜெர்மன் வாசிக்கும் அளவுக்கு இல்லை. மழை, கதவு, குதிரைச் சத்தமெல்லாம் என் பொறுப்பு. நீங்கள் சிரிப்பீர்கள், என் குதிரை கடைசிவரை ஆடு மாதிரித்தான் கனைத்தது.

அந்தக் கதையில் ஓர் ஓடக்காரன் வருவான். முதல் புத்தகத்திலேயே அக்கா அவனுக்கு இளகிய குரலொன்றைக் கொடுத்துவிட்டாள். "ஏறு மேனை, நனையப் போறாய்" என்று பெற்ற பிள்ளையிடம் சொல்வதுபோல அவன் சொன்னால், அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்பார். ஜப்பானில் அப்போது கதை முடிந்திருக்கவில்லை. அடுத்த புத்தகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்போம். கடைசிப் புத்தகத்தில்தான் தெரிந்தது, ஊரைக் காட்டிக்கொடுத்தவனே அவன்தான் என்று.

"அந்த மனுசன் அப்பிடிச் செய்யாது. நீ பிழையா வாசிக்கிறாய்," என்று அம்மா சண்டைக்கு வந்துவிட்டார்.

கதை முடிந்து இத்தனை வருடம் கழித்து இப்போது அதை அனிமேயாக, கார்ட்டூன் தொடராக, எடுத்திருக்கிறார்கள். என்ன அருமையான வேலை! முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கியவர்கள் அல்லவா? இழுத்தடிப்பு இல்லை, பொழுதுபோக்க ஒட்டுப்போட்ட காட்சி இல்லை. முதல் பகுதியிலேயே ஆட்களை ஏற்றும் ஓடக்காரன், பேச்சின் நடுவில் ஒரு கணம் தயங்கிக் கரையைத் திரும்பிப் பார்க்கிறான். அவ்வளவுதான். முடிவு தெரிந்தவருக்கு அது போதும். காத்திருந்து எடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அந்த ஞாயிறு பின்னேரமே அம்மாவைக் கூட்டிவந்து போட்டுக் காட்டினேன். ஜப்பானியப் பேச்சு ஓட, கீழே வந்த ஜெர்மன் எழுத்தைப் பார்த்து நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஓடக்காரன் வாய் திறந்ததும் அம்மா நிமிர்ந்தார்.

"இவன் ஏதோ ஒளிக்கிறான்."

"ஓம் அம்மா, நல்லாச் செய்திருக்கிறாங்கள்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கட ஆள் இப்பிடி இல்லை. ஒருக்கா அக்காவுக்குப் போன் எடு. அந்தக் குரலிலை கதைக்கச் சொல்லு."

அக்கா இப்போது ஜெனீவாவில். வீட்டில் பிரெஞ்சுதான். விசயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். பெரிதாகச் சிரித்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏறு மேனை," என்றாள். அது இல்லை. கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தாள். அதுவும் இல்லை. அம்மா போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு இருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"எப்பிடியம்மா கதைச்சனான்? வருகுதில்லையே," என்றாள் அக்கா. இப்போது அவள் சிரிக்கவில்லை.

"அந்த நேரம் அவன் நல்லவன் எண்டுதானே நீ நினைச்சனீ," என்றார் அம்மா. "இனி வராது, பிள்ளை."