முன்கூடத்தில் போட்ட பூஜ்யம்

பிள்ளைகளின் வளர்ச்சியை ஆராயும் ஒரு குழுவில் ஆறு வருடமாகக் களப்பணியாளராக இருக்கிறார் சங்கரன்கோவில் சாஜிதா பானு. மருத்துவர் துரைப்பாண்டி இரத்தம் பார்ப்பார், உளவியலாளர் அபிதா அறிவுத்திறன் பார்ப்பார். பிள்ளைகளைக் கூட்டி வருவதும் இடம் பிடிப்பதும் சாஜிதாவின் வேலை.

கரிவலம்வந்தநல்லூர் பக்கம் ஒரு கிராமத்தில், நிலக்காரர் ராஜதுரை தன் வீட்டு முன்கூடத்தை இலவசமாகக் கொடுத்தார். மின்விசிறி வேறு இருந்தது. சாஜிதாவுக்கு ஏக மகிழ்ச்சி.

நான்கு வயது வேல்விழியின் முன் பத்து மரக்கட்டைகளை வைத்து, "கோபுரம் கட்டு பாப்போம்" என்றார் அபிதா. பிள்ளை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது. கடைசிவரை எடுக்கவில்லை.

அபிதா பூஜ்யம் போட்டார். "இரத்தசோகை இருக்கு. மந்தத்துக்கு அதுவும் காரணமா இருக்கலாம்" என்றார் மருத்துவர். தாய் கையெழுத்திட்டால் 'வளர்ச்சிக் குறைபாடு' என்ற தாள் பள்ளிக்குப் போய்விடும். வேல்விழிக்கு முன்பே அந்தப் பெயர் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்.

தாளோடு சாஜிதா போனபோது, தாய் தங்கப்பழம் சிரித்துவிட்டார்.

"யாரு, இவளா மந்தம்? அடுப்புக்கல்லப் பிரிச்சிப் பிரிச்சி அடுக்குதா. கஞ்சி காய்ச்ச முடியல!"

"பின்ன ஏன் யக்கா கட்டயத் தொடல?"

"அது மொதலாளி வீடுல்லா? அங்கன எதையும் தொட்டா கைய ஒடிப்பேன்னு நாந்தான் சொல்லி வச்சிருக்கேன். இருவது வருசமா வேல பாக்குதேன், நானே தொழுவத்து வழியாத்தான் போறேன். நீ எம்புள்ளய முன்வாசல் வழியா கூட்டிட்டுப் போயிருக்க!"

எந்த இரத்தப் பரிசோதனையிலும் சாதி தெரியாது. நான்கு வயதிலேயே கைகளைக் கட்டிப்போடும் அது, பிறகு அந்தக் கைகளுக்கு நம்மைக் கொண்டே பூஜ்யமும் போட வைக்கும்.

சாஜிதா குழுவிடம் மறைக்கவில்லை. "எடம் புடிச்சது நான். தப்பு எம்மேல. ஆனா அந்தத் தெருப் பிள்ளைங்க பதினேழு பேருக்கு அந்தக் கூடத்துல வச்சித்தான் மார்க் போட்டிருக்கோம்."

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இடம் வேணும்னுதானே சாஜிதா அங்க வச்சோம்?" என்றார் அபிதா.

"எல்லாருக்கும் அது ஒரே மாதிரி எடம் இல்ல மேடம்."

அபிதா பதினேழு தாள்களையும் எடுத்துப் புரட்டினார். மருத்துவர்தான், "சாமானை எடுங்க, அவங்க தெருவுக்கே போவோம்" என்றார்.

தங்கப்பழத்தின் வாசலில் சாக்கு விரித்துக் கட்டைகளை வைத்தார்கள்.

"தொடட்டா?" என்றாள் வேல்விழி.

"தொடு மக்கா" என்றார் சாஜிதா.

பத்துக் கட்டைகளும் ஏறின. வேல்விழி அபிதாவை நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்களுக்குக் கட்டத் தெரியாதா?"

அபிதா தாளில் இருந்த பூஜ்யத்தைக் கோடிட்டு அடித்தார். மருத்துவர் இரும்புச்சத்து மருந்தை மட்டும் எழுதினார். சாஜிதா சாக்கை மடிக்கவில்லை. மீதிப் பதினாறு பேரைக் கூப்பிடக் கிளம்பினார்.