வாசலில் விட்ட செருப்பு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மட்டாஞ்சேரியில் சொந்தமாக மிளகுக் கிடங்கு வாங்கினேன். எழுபதுகளின் கடைசியில் அதைச் சிற்பக் கண்காட்சிக்கு வாடகைக்கு எடுத்தாள் ஒருத்தி. கத்தரித்த முடி, முழங்கை வரை களிமண். பேசும்போதெல்லாம் பலாப்பழம் பார்ப்பதுபோல் சிலையின் வயிற்றைத் தட்டுவாள்.

திறப்பு நாளில் வாசலில் நின்று பார்த்தால், பிள்ளை பெறும் கோலத்தில் துணியில்லாத பெண் சிலைகள். நெற்றியில் குங்குமம் வேறு!

உள்ளே போய்க் கத்தினேன். "இதெல்லாம் தெய்வமா? அசிங்கம்! இப்பவே காலி பண்ணு, பூட்டப் போறேன்."

அவள் சிலையைத் தட்டியபடியே வாசலைக் காட்டி மலையாளம் கலந்து கேட்டாள். "தெய்வமில்லைன்னா செருப்பைக் கழட்டிட்டு வந்தது எந்தினா முதலாளி?"

"மிளகை மிதிக்கக் கூடாதுன்னு. அது எங்க தொழில் வழக்கம்!"

கூட்டம் சிரித்தது. அங்கே ஒரு மிளகுகூட இல்லை. மூட்டைகளை அகற்றிக் கொடுத்தவனே நான்தான். திமிர் பிடித்தவள். ஆனாலும் பூட்டாமல் ஏன் திரும்பினேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.